பட்டுக்குப் பப்பாளிப் பால்

அண்ணியின் கட்டைவிரல் வெடிப்பில் இழை மாட்டிக்கொண்டது. விரலை மெல்லத் திருப்பி அதை விடுவிக்கப் பார்த்தாள். அறுந்துவிட்டது. அடுத்த இழையை இன்னொரு விரலால் எடுத்தாள். அந்த விரலிலும் வெடிப்பு இருந்தது.

அவளுடைய பிறந்த வீட்டுத் தறி அது. அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த தம்பி கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தான்.

"அக்கா, நீ ரெண்டு பிணைச்சா மூணு அறுக்குற. இப்படியே போனா இந்தப் பாவுல புடவை வராது, பஞ்சு மெத்ததான் வரும்."

"சிரிடா, சிரி. கல்யாணத்துக்கு முன்ன எனக்கு ஒரு கை இருந்துது. இந்த வூட்டுப் பரண்மேலதான் எங்கனா வச்சிட்டுப் போயிட்டேன் போல. ஏறிப் பாரு, இருந்தா எடுத்தாந்து மாட்டு."

தம்பி சிரித்தான். நானும் சிரித்துவிட்டேன். அண்ணி சிரிக்கவில்லை. விரலில் இருந்த சாம்பலை முந்தானையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

தறியில் ஒரு பாவு, அதாவது நீளவாக்கில் கட்டிய இழைகள், தீர்ந்ததும் புதுப் பாவைக் கொண்டுவந்து, பழைய இழை ஒவ்வொன்றின் நுனியோடும் புது இழையின் நுனியைச் சேர்க்க வேண்டும். விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு ஒரே முறுக்கு. முடிச்சு இருக்கும் இடம் கண்ணுக்குத் தெரியக் கூடாது. ஆயிரக்கணக்கான இழைகள். ஆரணியில் அந்த வேலையை வேகமாகச் செய்கிற பெண்களைத் தெருத்தெருவாகக் கூப்பிட்டு அனுப்புவார்கள். அண்ணி அப்படிப்பட்டவள். எங்கள் வீட்டில் அவள் மருமகள். நெசவுக்காரத் தெருக்களில் அவளுக்குத் தனியாக ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயரைச் சொல்லி ஆள் வரும்போது அவள் முகம் மாறுவதை நான் பார்த்திருக்கிறேன்.

அந்தக் கையைக் கெடுத்தது எங்கள் வீடு.

எங்களுடையது பட்டு நூலுக்குச் சாயம் போடும் பட்டறை. சாயம் போடுவதற்கு முன்னால் நூலை வேகவைக்க வேண்டும். பட்டுப்புழு தன் கூட்டைக் கட்டும்போது இரண்டு புரதங்களைச் சேர்த்தே விடுகிறது. ஒன்று உள்ளே இருக்கும் இழை, நாம் பட்டு என்று சொல்வது. இன்னொன்று அதன்மேல் படிந்திருக்கும் பசை. பசை இருக்கும்வரை நூல் வைக்கோல்போல விறைப்பாக இருக்கும், சாயமும் பிடிக்காது. அதனால் சோப்பும் சோடாவும் போட்டுத் தளதளவென்று கொதிக்கும் அண்டாவில், கழி கழியாகக் கட்டிய நூலைக் கம்பில் கோத்து இறக்குவார்கள். பசை கரைந்து வழவழவென்று வரும். அதைப் பிழிந்து, அலசி, மறுபடியும் பிழிந்து, மறுபடியும் அலசுவது வீட்டுப் பெண்களின் வேலை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அண்ணி அதைத்தான் செய்தாள். சோடா அவள் தோலைத் தின்றது.

கையுறை போடலாமே என்று கேட்பவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரியில் போடும் ரப்பர் கையுறையை வேலூரிலிருந்து நானே வாங்கி வந்தேன். ஒன்று, சூட்டில் ஒட்டிக்கொண்டது. இரண்டு, கம்பில் கிழிந்தது. மூன்று, வழவழப்பு போய்விட்டதா என்பதை விரல்தான் சொல்ல வேண்டும்; ரப்பர் வழியாக எதுவும் தெரியவில்லை. தேங்காய் எண்ணெய், மெழுகு, மருந்துக்கடைக் களிம்பு எல்லாமும் பார்த்தாயிற்று. காலையில் தடவியது பத்து கழி அலசுவதற்குள் போய்விடும்.

அம்மா தன் கையை விரித்துக் காட்டுவாள். "என் கைய பாரு. வெந்து வெந்து கல்லாச்சு. இப்ப நெருப்ப எடுத்து வச்சாக்கூட ஒண்ணும் தெரியாது. இவளுக்கும் ஆயிடும்."

அண்ணிக்குக் கல் வேண்டியிருக்கவில்லை. ஆவணி முகூர்த்தங்களுக்குத் தறிகள் எல்லாம் நிறையும். அவளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்த வீடுகளுக்கு வேறொரு பெண் வந்து போக ஆரம்பித்திருந்தாள். "இந்த ஆவணிக்கு நான் போவலன்னா அவ்ளோதான்" என்று அண்ணி என்னிடம் சொன்னாள். "ஒரு சீசன் கை மாறிட்டா அப்புறம் யாரும் பழைய ஆளத் தேடமாட்டாங்க. அவங்க எடத்துல நானா இருந்தாலும் கூப்பிட மாட்டேன்."

அது எண்பதுகளின் தொடக்கம். நான் சென்னையில் உயிர்வேதியியலில் எம்.எஸ்சி. முடித்து, வேலைக்கு எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருந்தேன். படித்த பாடம் நொதிகள். நொதி உயிருள்ள பொருள் இல்லை, உயிர்கள் செய்துகொள்ளும் பொருள். ஒவ்வொரு நொதிக்கும் ஒரு வேலை. அந்த வேலையைக் கொதிக்க வைக்காமலே, சோடா மாதிரிக் காரம் போடாமலே செய்யும். பட்டின் பசை ஒரு புரதம். புரதத்தைச் சிதைக்கும் நொதி பப்பாளிக்காயின் பாலில் இருக்கிறது. சரியான சூட்டில் அது பசையைத் தின்னும், உள்ளே இருக்கும் இழையை அனேகமாகத் தொடாது. இவை எல்லாம் அப்போதே புத்தகத்தில் இருந்தவை. நான் கண்டுபிடித்தது ஒன்றும் இல்லை.

கல்லூரி நூலகத்தில் கடைசி மாதங்களில் நான் வாசித்துக்கொண்டிருந்தது வேறு. பாக்டீரியாவுக்குள் இன்னொரு உயிரின் மரபணுவை வைத்து, நமக்கு வேண்டிய புரதத்தை அதைச் செய்ய வைக்கிறார்கள் என்று வெளிநாட்டுச் சஞ்சிகைகளில் வந்துகொண்டிருந்தது. இனி எந்த நொதி வேண்டுமானாலும் ஒரு தொட்டியில் வளர்த்துக்கொள்ளலாம், செடியையும் மிருகத்தையும் நம்பியிருக்க வேண்டாம் என்றார் எங்கள் பேராசிரியர். அதைக் கேட்டுவிட்டு ஊருக்கு வந்த நான், விடியற்காலையில் ஒரு கிணற்றடித் தோப்பில் நின்று பப்பாளிக்காயை மூங்கில் சிம்பால் கீறிக்கொண்டிருந்தேன். இரும்பு பட்டால் நொதி கெடும் என்று அதே பேராசிரியர் சொல்லியிருந்தார்.

அப்பாவிடம் முதலில் சொன்னபோது அவர் சாயக் கரண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"பிரியாணிக்குக் கறி முத்தலா இருந்தா பப்பாளிக்காய் போடறாங்க இல்லப்பா? அதுதான். கறி மெத்துனு ஆவுற மாதிரி நூல் பசையும் போயிடும்."

"கறி வேகறதும் நூல் வேகறதும் ஒண்ணாம்மா? கறி கரைஞ்சா குழம்பு. நூல் கரைஞ்சா?"

"இழை கரையாதுப்பா."

"யாரு சொன்னது?"

"புஸ்தகத்துல இருக்குது."

"புஸ்தகம் எழுதனவரு பட்டறை வச்சிருக்காரா?" என்றார். கேலிதான். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை.

வேண்டாம் என்று சொன்னது அம்மா. கல்யாணமாகி இன்னும் குழந்தை இல்லாத மருமகள் இருக்கும் வீட்டில் பப்பாளிப் பாலைக் கொண்டுவந்து காயவைப்பதாவது! "தரிக்கிறதுக்கு முன்னயே கலைக்கிறதுக்கு மருந்து அரைக்கிறாளா உன் பொண்ணு?" என்று அப்பாவிடம் கேட்டாள். குடித்தால்தான் ஆபத்து, காயவைத்தால் இல்லை என்று நான் விளக்கினேன். அந்த விளக்கத்தால் எந்தப் பயனும் இல்லை. கடைசியில் வீட்டுக்குள் வராமல் பட்டறையின் ஓட்டுக் கூரைமேல், கண்ணாடித் தட்டுகளில், துணி மூடிக் காயவைத்தேன். பால் பட்ட இடத்தில் என் விரலே அரித்தது, தோலும் புரதம்தானே. அதற்கும் ஒரு வழி இருந்தது. நொதி தன் வேலையை முடித்ததும் நூலைக் கொதிநீரில் ஒருமுறை முக்கினால் அது செத்துவிடும். அதற்குப் பிறகு வெறும் தண்ணீரில் அலசலாம். சோடா இல்லை, சோப்பு இல்லை. அண்ணியின் கை பிழைக்கும்.

காய்ந்த பாலை இடித்துச் செய்த பொடியின் வீரியத்தைப் பார்க்க என்னிடம் கருவி இல்லை. பசும்பால் இருந்தது. வெதுவெதுப்பான பாலில் ஒரு சிட்டிகை போட்டால், நொதி உயிர்ப்போடு இருந்தால் பால் திரிந்துவிடும். அம்மாவுக்கு இது இன்னொரு வருத்தம். அண்ணிக்கு வேடிக்கை. "ஜல்தி வாங்க மாமா, டாக்டரம்மா காபிக்கு வச்ச பாலுக்கு ஊசி போடறாங்க" என்று அப்பாவைக் கூப்பிடுவாள்.

முதல் பரிசோதனை சின்னதாக நடந்தது. பட்டறையில் எப்போதோ ஓரமாகப் போட்ட ஒரு செம்புக் குண்டான், உள்ளே சோப்பும் சுண்ணமும் படிந்து சாம்பல் நிறமாக இருந்தது. அதை மேலாக அலசிவிட்டு, தண்ணீரில் பொடியைக் கரைத்து, மூன்று கழி நூலைப் போட்டு, கை பொறுக்காத, ஆனால் கொதிக்காத சூட்டில் வைத்தேன். தண்ணீர் மெல்லக் கலங்கியது. அப்பா ஒரு கழியை எடுத்து விரலுக்கிடையில் உருட்டினார். பிறகு பட்டின் சரசரப்பு கேட்கிறதா என்று காதருகே வைத்துக் கசக்கினார். பிறகு அதை அரக்குச் சாயத்தில் முக்கினார். சாயம் ஒரே சீராக ஏறியது.

"மெத்துனு வந்துகீது" என்றார். அப்பாவிடமிருந்து அது பெரிய பாராட்டு.

அண்ணி அந்தக் கழியை அலசிவிட்டுத் தன் கையைப் பார்த்தாள். புறங்கையையும் திருப்பிப் பார்த்தாள். "எரியல" என்றாள். என்னைப் பார்த்து மறுபடியும், "எரியவே இல்ல" என்றாள்.

அந்தக் கழிகளை அப்பாவே எங்களுக்கு நூல் கொடுக்கும் பட்டு முதலாளியிடம் எடுத்துப் போனார். முதலாளி புதுசு என்றால் ஒதுங்கும் மனிதர் இல்லை. பளபளப்பு பிடித்திருக்கிறது, ஒரு லாட் அப்படியே செய்து பாருங்கள் என்று ஆடிக் கடைசியில் கொடுத்துவிட்டார். அது சரியாக வந்தால் ஆவணி நூல் முழுக்க இந்த முறையில்தான் என்று அப்பாவும் ஒப்புக்கொண்டார். அண்ணி அன்றே தம்பிக்குச் சொல்லி அனுப்பினாள்: கை ஆறிக்கொண்டு வருகிறது, ஆவணிக்கு வேறு யாரிடமும் பேசிவிடாதே.

ஒரு லாட் நூலுக்குக் குண்டான் போதாது. பெரிய அண்டாவில்தான் செய்ய வேண்டும். அதுவும் செம்பு. குண்டானில் நன்றாக வந்ததால் எனக்குச் செம்பைப் பற்றிய யோசனையே இல்லை. நான் அண்ணியிடம் சொன்னது ஒன்றுதான்: "அண்ணி, அண்டால பழைய சோப்பு ஒட்டிகினு இருக்கக் கூடாது. நல்லா கழுவி வச்சிடுங்க." சொல்லிவிட்டுக் கடைசித் தவணைப் பால் எடுக்கத் தோப்புக்குப் போய்விட்டேன்.

மறுநாள் காலையில் பட்டறைக்குள் நுழைந்தபோது அந்த அண்டாவை எனக்கு அடையாளம் தெரியவில்லை. வருஷக்கணக்கான சாம்பல் படிவு ஒரு பொட்டுகூட இல்லை. உள்ளும் புறமும் பூஜைச் சொம்பு மாதிரி ரோஜா நிறத்தில் மின்னியது.

"எட்டிப் பாரு, மொகம் தெரியும். பொட்டு வச்சிக்கணும்னாலும் வச்சிக்கோ" என்றாள் அண்ணி. இரண்டு கைகளிலும் துணி சுற்றியிருந்தாள்.

"இன்னாத்துல தேச்சீங்க?"

"புளியும் உப்பும்தான். அத்தை ஒரே பேஜாரு. சோப்பு அண்டாவுக்குப் புளி எதுக்கு, வேணாம், வேணாம்னாங்க. நான் உடல. உன் வேல ஆரம்பிக்கிற நாளு, அழுக்கு அண்டாவுலயா பண்ணுவாங்க?"

"வெடிச்ச கைல புளியும் உப்பும் எரியலையா?"

"எரிஞ்சுது. இன்னியோட போவப் போற எரிச்சல்தானே."

முதலாளி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். தண்ணீர் சூடானதும் வெப்பமானியைப் பார்த்துப் பொடியைக் கரைத்து ஊற்றினேன். நூல் இறங்கியது. குண்டானில் தண்ணீர் கலங்க ஆரம்பித்த நேரம் வந்தது; இங்கே கலங்கவில்லை. அளவு பெரியது, நேரமாகும் என்று நினைத்தேன். அப்பா ஒரு கழியைத் தொட்டுப் பார்த்தார். "வழவழப்பு வரல." இன்னும் கொஞ்சம் பொடி சேர்த்தேன். கழிகளைத் திருப்பிப் போட்டோம். பசை ஊறி உப்பியது, ஆனால் விடவில்லை. கம்பில் தொங்கிய கழிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ள ஆரம்பித்தன. மீதியிருந்த பொடியையும் போட்டேன்.

"இன்னாம்மா இது, பப்பாளிப் பாலா, பச்சத் தண்ணியா?" என்றார் முதலாளி. கேலியாகத்தான் ஆரம்பித்தார். காபி வந்து, குடித்து, தம்ளரைக் கீழே வைத்தபோது அவர் குரலில் கேலி இல்லை.

அப்பா என்னைக் கேட்கவில்லை. சோப்பையும் சோடாவையும் அள்ளிப் போட்டு அடுப்பில் விறகைத் தள்ளினார். கொஞ்ச நேரத்தில் அண்டா எப்போதும்போலக் கொதித்தது. பசை போய்விட்டது, ஆனால் ஒட்டிக்கொண்ட கழிகளைப் பிரித்ததில் நூல் பல இடங்களில் பஞ்சடித்துவிட்டது. முதலாளி ஒரு கழியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"அண்ணே, உங்க பொண்ணு படிச்சது நம்ம எல்லாருக்கும் பெருமைதான். ஆனா என் நூலு பரிட்சப் பேப்பரு இல்ல. இது எதனால ஆச்சுன்னு கண்டுபுடிச்சுச் சொல்லுங்க, இன்னொரு லாட்டு தரேன். தெரியலன்னா பழையபடி சோப்புலயே போட்டுக் குடுத்துடுங்க."

அது நியாயமான பேச்சு. அதனாலேயே எனக்கு ஆத்திரமாக வந்தது. அவர் கத்தியிருந்தால் நானும் எதையாவது சொல்லியிருப்பேன்.

என் வழக்கப்படி காரணங்களை வரிசைப்படுத்திக்கொண்டேன். பொடி கெட்டதா? முன்பே தனியாக எடுத்து வைத்தது கண்ணாடிக் குப்பியில் கொஞ்சம் இருந்தது. மறுநாள் அதை வெதுவெதுப்பான பாலில் போட்டேன், திரிந்தது. சூடா? வெப்பமானி சரியாக இருந்தது. தண்ணீரா? அதே கிணற்றுத் தண்ணீரை மண்பானையிலிருந்து எடுத்துப் பொடியைக் கரைத்துப் பாலில் விட்டேன், திரிந்தது. மிச்சம் இருந்தது அண்டா. கழுவிக் கவிழ்த்திருந்த அதை நிமிர்த்திக் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிச் சூடாக்கினேன். ஓரத்தில் மெல்லிய பச்சைக் கோடு ஒன்று தெரிந்தது. அந்தத் தண்ணீரில் பொடியைக் கரைத்துச் சிறிது நேரம் வைத்திருந்து பாலில் விட்டேன். பால் பாலாகவே இருந்தது.

கன உலோகங்கள் இந்த நொதியை முடக்கிவிடும் என்று புத்தகத்தில் ஒரு வரி இருந்தது. அண்டா என்று எழுதியிருக்கவில்லை. குண்டானும் செம்புதான். ஆனால் அதன் செம்பைத் தண்ணீர் தொடவே இல்லை. நடுவில் வருஷக்கணக்கான படிவு இருந்தது. புளியும் உப்பும் அண்டாவின் படிவை எடுத்துவிட்டுப் புதுச் செம்பை வெளியே கொண்டுவந்துவிட்டன. அது தண்ணீரில் இறங்கி, போட்ட பொடியை எல்லாம் வேலை ஆரம்பிக்கும் முன்பே கொன்றுவிட்டது.

"இன்னா, பால் திரியலயே?" அண்ணி பின்னால் நின்றிருந்தாள்.

நான் பதில் சொல்வதற்குள் அவள் என் முன்னால் இருந்த இரண்டு தம்ளர்களையும் பார்த்தாள், அண்டாவையும் பார்த்தாள். அவளுக்குப் பாடம் எடுக்க வேண்டியிருக்கவில்லை.

"அண்டாவா?"

"ம்."

"குண்டான்ல வந்துதே."

"குண்டானத் தேய்க்கலையே அண்ணி."

அவள் உட்கார்ந்துவிட்டாள். கையில் சுற்றியிருந்த துணி அவிழ்ந்து தொங்கியது. அதை மறுபடியும் சுற்றவில்லை.

"யாருகிட்டயும் சொல்லாத" என்றாள்.

"அண்ணி, காரணம் தெரிஞ்சா இன்னொரு லாட்டு தரேன்னு அவரே சொல்லிட்டுப் போயிருக்காரு. அலுமினிய அண்டால செஞ்சா நாளைக்கே வந்துடும். உங்க கைக்குத்தானே இவ்ளோவும்?"

"அதுக்குத்தான் சொல்றேன். அத்தை எதிர்ல நின்னுகினு வேணாம்னு சொன்னாங்க. நான் கேக்காம தேச்சேன். முதலாளி நூலு போனது என்னாலன்னு தெரிஞ்சா, நான் இந்த வூட்ல சாவுறவரைக்கும் ஒவ்வொரு நாளும் அவங்க குத்திக்காட்டக் குத்திக்காட்ட அந்த அண்டாவத் தேய்க்கணும். உங்கண்ணன் கலசப்பாக்கத்துல ஆபீசுல உக்காந்துகினு சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை வராரு. மீதி நாளு இங்க இருக்கறது நானு."

"சுத்தமா இருக்கணும்னு சொன்னது நான். நான்தான் தேய்க்கச் சொன்னேன்னு சொல்லிடறேன்."

"அத்தை வேணாம்னப்போ நீ தோப்புல இருந்த. புளி நானா போட்டதுன்னு அவங்களுக்குத் தெரியாதா?" என்றாள். பிறகு சத்தமே இல்லாமல், "புளி வாங்கனதுகூட என் சொந்தக் காசு" என்றாள்.

அப்பா அன்று சாயங்காலமே கேட்டார். நான் பயந்ததுபோலக் கோபமாகக் கேட்டிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். அவர் தன் ஸ்டூலை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார். "எதனாலன்னு தெரிஞ்சுதாம்மா? தெரிஞ்சா சொல்லு. நான் போயி அவரக் கேட்டு இன்னொரு லாட்டு வாங்கியாறேன். குண்டான்ல வந்தத நானே கண்ணால பாத்தேன். அது பொய்யில்ல."

அம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அண்ணி அடுப்படியில் இருந்தாள். பாத்திரச் சத்தம் நின்றுபோயிருந்தது.

"செம்பு அதுக்கு ஆகாதுப்பா. அலுமினியத்துல செய்யணும்" என்றேன்.

"குண்டான் செம்பில்லையா?"

இந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். பதில்களையும் வரிசையாக யோசித்து வைத்திருந்தேன். பொடி பழசாகிவிட்டது என்றால், அடுத்த முறையும் ஆகாதா என்பார். அளவு பெரியதானால் வேலை செய்யாது என்றால், பிறகு எதற்கு இன்னொரு லாட் என்பார். உண்மை மட்டும்தான் அந்தக் கேள்விக்கு நேராகப் பதில் சொல்லும். கல்லூரியில் எத்தனை சோதனைகளில் விடை தெரியாமல் விழித்திருக்கிறேன். விடை சுத்தமாக, நிரூபணத்தோடு, இரண்டு தம்ளர் பாலில் கையில் இருந்தும் வாயைத் திறக்க முடியாமல் உட்கார்ந்தது அப்போதுதான்.

"குண்டானும் செம்புதானே?" என்றார் அப்பா மறுபடியும். அவர் என்னை மடக்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்பினார்.

"ஆமாம்ப்பா."

"அப்புறம் எப்படி?"

"தெரியலப்பா" என்றேன்.

அவர் ஸ்டூலைப் பழைய இடத்துக்குத் தள்ளினார். "சரி, உடு. தெரியாதத வச்சிகினு ஊரான் நூல்ல கை வைக்கக் கூடாது" என்றார். அம்மா முறத்தைத் தட்டினாள். "அரசாங்கத்துப் பால் பூத்துல இவ்ளோ பாலு ஊத்தியிருந்தாக்கூட ஒரு வேல போட்டுக் குடுத்திருப்பான்" என்றாள். அடுப்படியில் பாத்திரச் சத்தம் மறுபடியும் கேட்டது.

அண்ணிமேல் எனக்குக் கோபம் வரவில்லை என்று எழுத ஆசைதான். வந்தது. அம்மாமேல் வந்தது, முதலாளிமேல் வந்தது, கன உலோகங்கள் என்று பொதுவாக எழுதிவிட்டுப் போன அந்தப் புத்தகத்துக்காரர்மேலும் வந்தது. வெளிநாட்டில் பாக்டீரியாவின் உள்ளே போய் அதன் வேலையை மாற்றி எழுதிவிட்டார்கள். ஒரு வீட்டுக்குள் ஒரு அண்டாவை மாற்ற என்னால் முடியவில்லை. அலுமினியப் பாத்திரம் ஒன்றை நானே வாங்கி வந்து, புதிதாகப் பால் எடுத்துக் காயவைத்து, மூன்று கழி நூலை மறுபடியும் செய்து காட்டினேன். அழகாக வந்தது. அப்பா தொட்டுப் பார்த்தார். "சின்னதுல எப்பவும் வருதும்மா" என்று மட்டும் சொன்னார். கேட்டுப் பார், முதலாளியைக் கேட்டுப் பார் என்று கெஞ்சினேன். எதனால் கெட்டது என்று அவர் கேட்டால் என்ன சொல்வது என்றார். திரும்பத் திரும்ப அங்கேயே வந்து நின்றோம்.

ஆவணி பிறந்ததும் நூல் மூட்டை மூட்டையாக வந்தது. அண்டாவில் விடியற்காலையிலிருந்து சோப்பும் சோடாவும் கொதித்தது. மின்னிய செம்பு ஒரே வாரத்தில் பழைய சாம்பல் நிறத்துக்கு வந்துவிட்டது. அண்ணி அலசும் தொட்டியின் ஓரத்தில் உட்கார்ந்தாள். நானும் போய் உட்கார்ந்தேன். எத்தனை நாள் என்றெல்லாம் பேசவில்லை. ஒரு கழி அவள், ஒரு கழி நான். முதல் நாள் மாலையே என் விரல் இடுக்குகளில் தோல் சிவந்துவிட்டது.

மறுநாள் காலையில் அவளுடைய தம்பி சைக்கிளில் வந்தான். பட்டறை வாசலுக்கு வெளியிலேயே ஒரு காலை ஊன்றி நின்றான்.

"அக்கா, பாவு வந்துட்டுது. நாலு வீட்ல கேக்கறாங்க. வரியா?"

அண்ணி கழியைப் பிழிந்துகொண்டே பேசினாள். "அந்தப் பொண்ணையே கூப்டு."

"அவ வந்தா இந்த சீசன் முழுக்க அவளத்தான் வச்சிக்கணும். நடுவுல மாத்த முடியாது."

"அதான் சொல்றேன். அவளையே வச்சிக்கோ. எல்லா வீட்லயும் சொல்லிடு."

"கை ஆறிட்டுதுன்னு சொன்னியே?"

"ஆறும்போது ஆறட்டும். நீ போடா, வெயில் ஏறுது."

அவன் என்னைப் பார்த்துவிட்டுச் சைக்கிளைத் திருப்பினான். அண்ணி தொட்டிக்குள் கையை விட்டு அடுத்த கழியை எடுத்தாள். நான் அதன் மறுமுனையைப் பிடித்து என் பக்கம் இழுத்தேன். அவள் விடவில்லை.

"குடுங்க அண்ணி. இத நான் அலசறேன்."

"உடு. நீ இன்டர்வியூக்குப் போற பொண்ணு. கைகுடுத்தா எதிர்ல இருக்கறவன் பயந்துடப் போறான்."

"கையெல்லாம் யாரும் குடுக்கமாட்டாங்க. வணக்கம்தான் சொல்வாங்க."

"அப்பவும் கைய மேல தூக்கணும் இல்ல? வெடிப்பு தெரியும்" என்றாள்.

இரண்டு பேரும் கழியைப் பிடித்துக்கொண்டே இருந்தோம். இழுத்தால் நூல் சிக்கலாகும், பிறகு அதற்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கும். நான் விட்டுவிட்டேன்.